கூட்ஸ் வண்டிக்கு ஒரு க்ளிக்!

ரயிலில் போகும்போது கவனித்திருப்பீர்கள். நல்ல மத்தியான வெயில். பெயர்ப் பலகையைக்கூட யாரும் படிக்காத ஒரு சின்ன ஸ்டேஷனில் உங்கள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்கள். 'என்ன சார், கிராஸிங்கா?' என்று எதிர் சீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, பூமி அதிர ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போகும். பெரியவர்கள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குழந்தைகள் மட்டும் ஜன்னல் கம்பியில் மூக்கைப் பதித்துக்கொண்டு, 'ஒண்ணு... ரெண்டு... மூணு...' என்று எண்ணும். நாற்பதைத் தாண்டுவதற்குள் கணக்கு தப்பிவிடும்!

எஞ்சினை போட்டோ எடுக்க ஆயிரம் பேர் உண்டு. ஊட்டி மலை ரயிலுக்கும் பாம்பன் பாலத்துக்கும் கேமராவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், இந்தத் துருப்பிடித்த கூட்ஸ் பெட்டியை, அதில் ஏறியிருக்கிற மூட்டையை யாராவது போட்டோ எடுப்பார்களா?

எடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் சொல்லும் கதை, சில சமயம் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். ரயில் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பிரயாணிகள்தான். ஆனால் இந்தியாவில் தண்டவாளம் போடப்பட்டதே சரக்குக்காக! பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பம்பாய்-தாணா ரயில் 1853 ஏப்ரல் 16-ல் ஓடியது. அதற்குப் பதினாறு வருடங்களுக்கு முன்பே, 1837-ல், நம் சென்னையில் செங்குன்றத்துப் பக்கமிருந்து சிந்தாதிரிப்பேட்டையை நோக்கி ஒரு ரயில் பாதை இருந்தது. அதில் போனது மனிதர்கள் இல்லை. சாலை போடுவதற்கான கற்கள்! பம்பாய் ரயில் ஓடிய நான்காவது நாள், ஏப்ரல் 20-ம் தேதி, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ரயில்வே பற்றிய தன் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். பட்டாளத்தைச் சீக்கிரம் நகர்த்தலாம் என்பது அதில் ஒரு காரணம். இங்கிலாந்தின் ஆலைகளுக்கு இந்தியப் பருத்தியைத் துறைமுகம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்பது இன்னொன்று.

பருத்தி என்றால் திருநெல்வேலிச் சீமையை விட்டுவிட முடியுமா? கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடியில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய வருடம். ஆனால், ரயில் வந்த அதே வருடம், கூடவே இன்னொன்றும் வந்தது.

தாது வருஷப் பஞ்சம்!

1876-ல் ஆரம்பித்து 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் செத்துப் போனார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது கணக்கு. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குத் தினக்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வெட்டிக் குறைத்தார். கல் உடைக்கிற மனிதனுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம்!

அந்தப் பஞ்சத்துக்கு ஒரு கேமரா சாட்சி இருந்தது. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. எலும்புக்கூடாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை வரிசையாக நிறுத்தி அவர் எடுத்த படங்கள் இன்றும் புத்தகங்களில் வருகின்றன. 'சரி, படம் எடுத்த பிறகு அவங்களுக்குச் சோறு போட்டாரா?' என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஹூப்பர் லேசுப்பட்ட ஆளில்லை. 1886-ல் பர்மாவில், சுட்டுக்கொல்லப்படப் போகும் கைதிகளை, சரியாகக் குண்டு பாயும் அந்தக் கணத்தில் படம் பிடிக்கப் பார்த்தார் என்று புகார் கிளம்பி, லண்டன் பார்லிமென்ட் வரை போனது.

ஆனால், நாம் பார்க்க வேண்டியது வேறு ஒரு படம். அதில் எலும்பும் தோலுமாக யாருமே இல்லை. சென்னைக் கடற்கரை. மணல் முழுக்க மூட்டைகள், மூட்டைகள், மூட்டைகள்! மலை மலையாகத் தானியம். 1877 பிப்ரவரி என்று தேதி. 'மக்கள் பட்டினியில் சாகும்போது, ஏற்றுமதிக்காக அடுக்கிவைக்கப்பட்ட தானியம்' என்றுதான் பல இடங்களில் இந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருப்பார்கள். படித்ததும் ரத்தம் கொதிக்கும்.

கொஞ்சம் பொறுங்கள்.

அதே மாதங்களில் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தானியம் சென்னைக் கரையில் வந்து இறங்கிக்கொண்டும் இருந்தது. சென்னை அரசாங்கமே ஆர்பத்நாட் கம்பெனி மூலம் 30,000 டன் வாங்க ஏற்பாடு செய்து, 'வியாபாரத்தில் நீங்கள் ஏன் தலையிடுகிறீர்கள்?' என்று மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது. வந்து இறங்கிய தானியத்தை உள்ளூர்களுக்குக் கொண்டுபோக ரயில் பெட்டி போதவில்லை. இருந்ததோ ஒற்றைத் தண்டவாளங்கள். கரையில் மூட்டை, பெல்லாரியிலும் சேலத்திலும் பிணம்!

அப்படியானால் அந்தப் படத்தில் இருப்பது போகிற மூட்டையா? வருகிற மூட்டையா?

படம் வாயைத் திறக்காது. மூட்டைக்கு முகம் கிடையாது. அது எங்கே ஏறியது, எங்கே இறங்கப் போகிறது, யார் பெயருக்கு என்பதெல்லாம் ஒரு சீட்டில் இருந்திருக்கும். அந்தச் சீட்டு படத்தில் விழவில்லை!

வெள்ளைக்காரன் நல்லவன் என்று நிரூபிக்க இதைச் சொல்லவில்லை. பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியானது உண்மை. மழை பொய்க்காத ஊரில்கூட, விலை எங்கே அதிகமோ அந்தத் திசையில் மூட்டையை ஏற்றிவிட ரயில் வசதி செய்து கொடுத்ததும் உண்மை. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, இந்தப் பஞ்ச நிர்வாகத்தின் கதையை 1878-லேயே இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதி வைத்தார். அதற்கு அப்புறம் வந்த பஞ்சக் கமிஷன் 1880-ல் சொன்ன யோசனை என்ன தெரியுமா? 'இந்தியா பஞ்சத்திலிருந்து தப்பிக்க வேண்டுமானால், மொத்தம் 20,000 மைல் ரயில் பாதையாவது வேண்டும்.' நோய்க்குக் காரணம் ரயில்தான் என்று ஒரு கட்சி. மருந்தே ரயில்தான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரே கூட்ஸ் பெட்டியைத்தான் காட்டி வாதாடின!

* * *

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கே பெட்டிக்கு நம்பர் இருக்கிறது.

1921 நவம்பர் 19. மலபாரில் மாப்பிள்ளைக் கலகம் நடந்துகொண்டிருந்த நேரம். திரூர் ஸ்டேஷனில் நூறு கைதிகளைச் சரக்குப் பெட்டி ஒன்றில் அடைத்து, கதவைப் பூட்டி, ரயிலோடு கோத்து அனுப்பினார்கள். பெட்டிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். காற்றுக்கு வழிவிட வேண்டிய கம்பிவலையைப் பெயிண்டும் தூசியும் அடைத்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் கதறினார்கள். நள்ளிரவு தாண்டி, நம் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூரில் கதவைத் திறந்தபோது 56 பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் சாவு நிற்கவில்லை. மொத்தம் சுமார் 70 பேர்.

'வேகன் டிராஜடி' என்று கேரளத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சம்பவத்தில், அந்தப் பெட்டியின் நம்பர் இன்றைக்கும் மறக்கப்படவில்லை. மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் 'எல்.வி. 1711'. வெறும் நான்கு இலக்கம்தான். ஆனால், எந்தக் கம்பெனியின் பெட்டி, யார் பராமரிப்பு, காற்று வர வழி இருந்ததா என்று விசாரணை கேட்பதற்குப் பிடிமானம் அதுதான். 2018-ல் திரூர் ஸ்டேஷன் சுவரில் இந்தச் சம்பவத்தை ஓவியமாகத் தீட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அழித்துவிட்டார்கள். சுவரில் இருந்ததை அழிக்கலாம்... 1711-ஐ?

கூட்ஸ் பெட்டியை ஒழுங்காகப் படம் எடுத்துவைத்தவர்கள் என்று பார்த்தால், அமெரிக்காவைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் சமயம். ஜாக் டெலானோ என்ற கலைஞரை அரசாங்கமே சம்பளம் கொடுத்து ரயில்வே யார்டுகளுக்கு அனுப்பியது. 1942-43 குளிர்காலத்தில் சிகாகோ யார்டுகளில் அலைந்து, பனியில் உறைந்து நிற்கும் கூட்ஸ் பெட்டிகளையும் அவற்றைக் கோத்து, பிரித்து, எண்ணுகிற தொழிலாளர்களையும் அவர் கலரில் எடுத்தார். போர்க்காலத்தில் ஒரு நாடு எதைத் தின்றது, எதைச் சுமந்தது என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி. எந்த யார்டு, என்ன வேலை, எந்த மாதம் என்று படத்தோடு குறிப்பும் உண்டு. இன்றைக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. நீங்களும் நானும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

அடுத்து வாக்கர் இவான்ஸ். புகைப்படக் கலையின் பெரிய தலை. அவர் 1957-ல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகைக்காக, கூட்ஸ் பெட்டிகளின் பக்கவாட்டில் வரைந்திருந்த ரயில் கம்பெனிச் சின்னங்களை மட்டும் தேடித்தேடி எடுத்தார். 'மறைந்து போவதற்கு முன்' என்பதுதான் அந்தக் கட்டுரைத் தலைப்பின் அர்த்தம். அவர் பயந்தது நடந்தது. கம்பெனிகள் ஒன்றோடு ஒன்று கலந்து, பல சின்னங்கள் காணாமல் போயின. படம் மிஞ்சியது.

நம் ஊர்க் கூட்ஸ் பெட்டியில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அடுத்த முறை கிராஸிங்கில் மாட்டிக்கொண்டால் பாருங்கள். பக்கவாட்டில் பதினோரு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு, பெட்டியின் ரகம். அடுத்த இரண்டு, அது எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. அதற்கடுத்த இரண்டு, பிறந்த வருடம். 09 என்றால் 2009-ல் செய்த பெட்டி. பிறகு நான்கு இலக்கம் அதன் சொந்த எண். கடைசி ஒன்று, எண்ணை யாராவது தப்பாக எழுதினால் காட்டிக்கொடுப்பதற்கான சரிபார்ப்பு இலக்கம். பக்கத்திலேயே 'பாக்ஸ்-என்' என்று எழுதியிருந்தால், மேலே திறந்த, உயரமான சுவருள்ள பெட்டி, பெரும்பாலும் நிலக்கரி. 'பி.சி.என்.' என்றால் கதவு மூடிய பெட்டி. அரிசி, கோதுமை, உரம், சிமென்ட். உருளையாக இருந்தால் பெட்ரோல், டீசல் வகையறா. பெட்டியின் வெற்று எடை, எவ்வளவு சுமக்கலாம், அடுத்த பெரிய ரிப்பேருக்கு எப்போது போக வேண்டும் என்று சகலமும் பெயிண்டில் எழுதியிருக்கும். ஒரு ஜாதகமே இருக்கிறது ஐயா அதில்!

ஒரு நிலக்கரி வண்டியில் 58, 59 பெட்டிகள். மொத்தம் சுமார் 3,500 டன். லாரியில் ஏற்றினால் இருநூறு லாரி வேண்டும். ரயில்வேயின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சரக்கிலிருந்துதான் வருகிறது. நீங்கள் கொடுக்கிற டிக்கெட் காசில் முழு தூரமும் வண்டி ஓடாது. மீதியை, நீங்கள் அலுத்துக்கொண்டு வழிவிட்ட அந்தக் கூட்ஸ்தான் இழுக்கிறது!

* * *

இப்போது நம் குற்றாலச் சாரல் பக்கம் வரலாம்.

திருநெல்வேலியிலிருந்து கிளம்பிய மீட்டர்கேஜ் பாதை 1902-ல் கல்லிடைக்குறிச்சியைத் தொட்டது. 1903-ல் பாவூர்சத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டை. 1904 நவம்பரில் ஆரியங்காவு மலையைக் குடைந்து, புனலூர் வழியாகக் கொல்லத்தோடு கைகோத்தது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருவிதாங்கூர் அரசு, சென்னை அரசு, சவுத் இண்டியன் ரயில்வே மூன்று பேரும் சேர்ந்து இந்த மலைப் பாதையைப் போட்டது எதற்காக? குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்காகவா? அந்தப் பக்கத்து மரமும் மலைச் சரக்கும் இந்தப் பக்கம் வரவேண்டும்; இந்தப் பக்கத்து அரிசியும் காய்கறியும் அந்தப் பக்கம் போக வேண்டும். கொல்லத்துப் பக்கம் ஓட்ட வேண்டிய முதல் எஞ்சினையே தூத்துக்குடியிலிருந்து பாகம் பாகமாகக் கடல் வழியாகக் கொண்டுபோய், மாட்டு வண்டியில் ஏற்றிப் பூட்டினார்கள் என்று சொல்வார்கள். சரக்கு சுமக்க வந்த எஞ்சினே முதலில் சரக்காகத்தான் போயிருக்கிறது!

சுரண்டைக்கு ரயில் ஸ்டேஷன் கிடையாது. ஆனால் சந்தை உண்டு. ஸ்டேஷன் இல்லாத ஊர்ச் சரக்கு மாட்டு வண்டியில் ஏறி, பக்கத்து ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு சின்ன வியாபாரி ஒரே ஒரு பெட்டியைப் பிடிக்கலாம். ஏன், பத்து மூட்டைகூட புக் பண்ணலாம். கையில் 'ஆர்.ஆர்.' என்று ஒரு ரசீது தருவார்கள். அந்த ரசீதைத் தபாலில் அனுப்பி வைத்தால், அங்கே அதைக் காட்டிச் சரக்கை எடுத்துக்கொள்வார்கள். எத்தனையோ கமிஷன் மண்டிகள் இந்தக் காகிதத்தை நம்பியே நடந்தன.

1980-களில் ரயில்வேயின் கணக்கு மாறியது. ஒற்றைப் பெட்டி, பத்து மூட்டை எல்லாம் கட்டுப்படியாகாது. ஒரே சரக்கு, ஒரே இடம், முழு வண்டி என்றால்தான் வசதி என்று முடிவெடுத்தார்கள். ரயில்வேயின் பக்கம் நியாயம் இருந்தது. வண்டிகள் யார்டு யார்டாகப் பிரிந்து, கோத்து, நாள் கணக்கில் நின்றது ஒழிந்தது. நிலக்கரிக்கும் சிமென்டுக்கும் நல்லதுதான். ஆனால், ஒரு பெட்டி வெங்காயம் வைத்திருக்கிற மனிதர் முழு வண்டிக்கு எங்கே போவார்? லாரிக்குப் போனார். சின்ன ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுகளில் ஆடு கட்ட ஆரம்பித்தார்கள்.

பிறகு மீட்டர்கேஜும் போனது. விருதுநகர்-தென்காசி 2004-ல் அகலப் பாதையானது. திருநெல்வேலி-தென்காசி 2012-ல். செங்கோட்டை-புனலூர் மலைப் பாதையில் 2010 செப்டம்பரில் கடைசி மீட்டர்கேஜ் வண்டி ஓடியபோது, ஜனம் திருவிழா மாதிரி திரண்டு வந்து படம் எடுத்தது. 2018 ஜூனில் அகல ரயில் வந்தபோதும் அப்படியே. பதிமூன்று கண் பாலத்துக்குக் குறைவில்லாமல் படம் கிடைக்கும். அந்தப் பாலத்தின் மேல் நூறு வருடமாகப் போன மூட்டைக்கு? அதை முதுகில் ஏற்றி இறக்கிய லோடுமேனுக்கு? தேடிப் பாருங்கள், கை வலிக்கும்.

இன்றைக்குச் சுரண்டை, பாவூர்சத்திரம் காய்கறி லாரியில் ஏறி, புளியரை வழியாகக் கேரளம் போகிறது. அதே ரோட்டில் கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகளும் வரிசை கட்டுகின்றன. 'எங்க மலையை உடைச்சு எங்கே கொண்டு போறீங்க?' என்று தென்காசி ஜனங்கள் போராடிய கதையைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். தாது வருஷத்துக் கடற்கரை மூட்டையைப் பற்றிய கேள்வியும் இதுதானே? எது போகிறது, யாருடையது, யாருக்கு?

2019 ஜூலையில் ஒரு கூட்ஸ் வண்டியை நாடே படம் எடுத்தது. சென்னையில் ஏரிகள் வறண்டு கிடந்த சமயம். ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் குடிதண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை மரியாதையோடு வரவேற்பு! எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம் வந்தது. ஆனால், 'எங்க வேலூர்ப் பக்கமே தண்ணி இல்லையே, இங்கிருந்து எடுத்துட்டுப் போனா எப்படி?' என்று அங்கே எழுந்த குரல், வில்லிவாக்கத்துப் படத்தில் தெரியாது. வந்து சேர்கிற இடத்தில் கேமரா இருந்தால் சரக்கு வரம். ஏறுகிற இடத்தில் இருந்தால் அதே சரக்கு வழக்கு! 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில், ஆக்சிஜன் டேங்கர்கள் தண்டையார்பேட்டையில் வந்து இறங்கியதையும் மறந்திருக்க மாட்டோம். மூச்சுக் காற்றுகூட கூட்ஸ் வண்டியில் வந்த காலம் அது.

ஆகவே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்போது எல்லோர் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. கூட்ஸ் வண்டி போனால் பிளாட்பாரத்தில் நின்றபடி ஒரு படம் எடுங்கள். தண்டவாளத்தில் இறங்கி வீரம் காட்ட வேண்டாம். 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை உள்ளே தள்ள இடமிருக்கிறது. உயிர் அதைவிடப் பெரிய விஷயம். படத்தில் பெட்டியின் எண் தெரியட்டும். என்ன சரக்கு, எந்த ஸ்டேஷன், என்ன தேதி என்று கூடவே ஒரு வரி எழுதிவையுங்கள். லோடுமேன்கள் நின்றால், அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் தாத்தாவோ சித்தப்பாவோ மண்டி வைத்திருந்தவர், கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர், மூட்டை தூக்கியவர் என்றால், வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். மக்கிப்போன ஓர் ஆர்.ஆர். ரசீது கிடைக்கலாம். மூட்டைகளுக்கு நடுவே நாலு பேர் விறைப்பாக நிற்கிற ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் கிடைக்கலாம். கிடைத்தால், அதில் இருப்பது யார், எந்த ஊர், என்ன சரக்கு என்று அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும்!